அறையின் ஓசை

ஒவ்வொரு காட்சி முடிந்ததும்
யாரும் அசையக் கூடாது.
முப்பது வினாடி.
ஒருவரும் பேசாதபோது கேட்பதைச்
சேமித்து வைப்பது என் வேலை.
அதற்குத்தான் சம்பளம்.

புவெனஸ் ஐரிஸில் கைவிட்ட ஒரு கிடங்கில்
ஒட்டுப்பலகையால் எழுப்பிய நீதிமன்றம்.
யாருடைய வயிறோ இரைகிறது.
மூன்றாம் வரிசையில் தோல் செருப்பு கிறீச்சிடுகிறது.
தளபதிகளின் பதக்கங்கள்
மெல்லக் கிலுங்குகின்றன,
மூச்சு விடத்தானே வேண்டும் அவர்களும்.

கடற்படைத் தளபதியாக வரும் ஃபவுஸ்தினோ
நிஜத்தில் எறும்புக்கும் வழிவிடுபவர்.
இடைவேளையில் மாத்தே குடுவை
கைமாறிக் கைமாறி வரும்;
அவர் முறையில் மட்டும்
யாராவது ஒருவர் மறந்துபோவார்.
மூன்றாம் நாள் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார்.
நான்காம் நாள் சட்டையையும்.
குளிரில் பனியனோடு நின்றவருக்கு
ஒப்பனைக்காரப் பெண் ஒரு மிடறு கொடுத்தாள்,
முகத்தைப் பார்க்காமல்.

சாட்சி பேசுகிறாள். காமிரா அவள் முதுகில்.
அப்படித்தான் அன்றும்.
எண்பத்தைந்தில் எனக்கு ஏழு வயது.
இரவுக்கு மூன்று நிமிடம்
தொலைக்காட்சியில் வழக்கைக் காட்டுவார்கள்,
ஒலி இல்லாமல்.
முகம் நீதிபதிகளுக்கு. முதுகு நாட்டுக்கு.
அம்மா இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி
திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்பாள்.
சித்தி அம்பாரோ செருப்புக்கடையிலிருந்து
வீடு திரும்பாமல் எட்டு வருடம்.
முன்பின் அறியாத ஒருத்தியின் முதுகைத் தொட்டு,
"இவள் அவளோடு இருந்திருக்கிறாள்" என்பாள்.
"பார், அம்பாரோ என்று சொல்லும்போது
தோள் ஏறுகிறது."
என் பள்ளி மேலங்கியின் காலர்
அந்த வருடம் இரண்டு முறை தீய்ந்தது.

கூட்டத்தில் உட்காரத் தினக்கூலிக்கு வந்தவர் உசால்.
முப்பது வினாடி முடிந்ததும்
என்னைத் தேடி வந்தார்.
அந்நாளில் அந்தக் கட்டடத்தின்
கொதிகலனைப் பார்த்துக்கொண்டவராம்.
"மௌனம் இப்படி இருக்கவில்லை, சென்யோரா.
வெந்நீர்க் குழாய் தட்டும்.
சாட்சிக்கு வாயடைத்துப் போகும்போதெல்லாம்
டக். டக்.
சிலர் சட்டென்று திரும்பிக் கதவைப் பார்ப்பார்கள்.
மூன்று முறை குறடோடு போனேன்.
நிறுத்த முடியவில்லை."
தான்தான் தட்டியதுபோல்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இயக்குநரிடம் சொன்னேன்.
குழாயா, கவனம் சிதறும் என்றார்.
சரி என்றேன்.
அன்றிரவே அம்மா வீட்டுச் சமையலறையில்
வெப்பக் குழாயடியில் மைக்கை வைத்துப்
பதினோரு தட்டல்கள் எடுத்தேன்.
படத்தில் அவை இருக்கின்றன,
அரசு வக்கீல் தாள் புரட்டும் சத்தத்துக்கு அடியில்.
ஒரு விமர்சகரும் கண்டுபிடிக்கவில்லை.
உசாலுக்குப் போன் செய்தேன்.
அந்த எண் உபயோகத்தில் இல்லை.

டிசம்பரில் படம் தொலைக்காட்சிக்கு வந்தது.
அம்மாவுக்கு எண்பத்தொன்று. காது இன்னும் கூர்மை.
தீர்ப்பு வரைகூடப் போகவில்லை.
அந்த முதுகு திரையை நிறைத்ததும்
"சத்தத்தை நிறுத்து" என்றாள்.
அம்மா, சத்தம்தான் என் வேலை.
"தெரியும். நிறுத்து."

நிறுத்தினேன்.
வெயில் காலம். சுவருக்குள் குழாய்கள்
குளிர்ந்து கிடந்தன, ஒன்றும் தட்டவில்லை.
அம்மா எழுந்து போய்
ஒரு சாண் தூரத்தில் நின்றாள்.
இஸ்திரிப்பெட்டி இல்லை;
அதைப் பிடிக்கும் உயரத்திலேயே கை.

நடிகையின் தோள் ஏறியது.
அம்மா என் பக்கம் திரும்பித் தலையசைத்தாள்,
பார்த்தாயா என்பதுபோல்.

வசனம் எனக்கு மனப்பாடம்.
அந்த இடத்தில் அவள் சொல்வது
ஒரு தெருவின் பெயர்.

நான் சொல்லவில்லை.